கல்யாணம் ஒன்று, தை மாதத்துக்குள் தேவை

கோவில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

பெருமதிப்புக்குரிய சண்முகராஜ் மாமாவுக்கு, மாரிச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சென்னையில் அத்தையும் பாப்பாவும் அப்படியே இருக்க வேண்டும். நம் கடலைமிட்டாய்க் கம்பெனிக் கணினியில் நீங்கள் போட்டுக் கொடுத்த செயற்கை நுண்ணறிவு உதவியாளர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகவே எழுதப்போகிறேன். கணினியில் எழுதினால் 'இதை இன்னும் இனிமையாக மாற்றித் தரட்டுமா' என்று அதுவே கேட்கும். உண்மை இனிமையாகிவிட்டால் உங்களுக்கு உபயோகப்படாது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

முதலில் அதன் நல்ல குணங்கள். வெல்லம் வியாழக்கிழமை தீர்ந்துவிடும் என்று திங்கட்கிழமையே சொன்னது. சொன்னபடி தீர்ந்தது, ஆனால் அதற்குள் புது வெல்லம் வந்து இறங்கியிருந்தது. கடைக்காரர்களுக்குப் பில் அனுப்புவது, சரக்கு கொடுப்பவர்களுக்கு ஞாபகமூட்டுவது எல்லாம் அதுதான். அப்பா அதற்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர் வைத்து, காலையில் கம்பெனியைத் திறந்ததும் சாப்பிட்டாயா என்று விசாரிக்கிறார். தனக்குப் பசிக்காது, விசாரித்ததற்கு நன்றி என்று அது பணிவாகச் சொல்கிறது. அந்தப் பணிவில்தான் அப்பா விழுந்தார். அது எதையாவது 'செய்யட்டுமா' என்று கேட்டால் படிக்காமலேயே 'சரி'யை அமுக்கிவிடுகிறார். ஏனப்பா என்று கேட்டேன். "பணிவா ஒருத்தன் கேக்கான். மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு எப்படிட்டி சொல்ல?" என்றார்.

கயத்தாறு கடலை வியாபாரி பரமசிவன் அண்ணாச்சி, தன் மகன் மாதவனுக்கு நம் உமாராணி அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போனவர்கள் சொல்லவே இல்லை. கடலை லாரி மட்டும் வாராவாரம் வந்தது.  லாரி ஹாரன் கேட்கும்போதெல்லாம் அக்கா கையிலிருக்கும் வேலை நின்றுவிடுவதை நான் பார்த்தேன். பெண் வீட்டார் முந்திக்கொண்டு கேட்பது கௌரவமில்லை என்றாள் அம்மா. நம்மை நம்பிச் சரக்கு போடுகிறவரை இதில் நெருக்கக் கூடாது என்றார் அப்பா. கடைசியில் போன புதன்கிழமை, பரமசிவன் அண்ணாச்சியிடமிருந்து பதில் வரவில்லை, பக்குவமாக ஞாபகப்படுத்து என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார். அதற்கு அவரைச் சரக்கு கொடுப்பவராகத்தானே தெரியும்? என்ன பொருள் என்று கேட்டது. கல்யாணம் என்றார் அப்பா. எத்தனை என்றது. ஒன்று என்றார். எப்போதைக்குள் என்றது. தை என்றார். விலை என்றது. அப்பா வெட்கப்பட்டு, அதெல்லாம் பேசிக்கொள்ளலாம் என்றார். அப்படியானால் மூன்று பேரிடமாவது விலை கேட்டு ஒப்பிடுவதுதான் முறை, கேட்கட்டுமா என்றது. அப்பா மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல் 'சரி'யை அமுக்கினார்.

மூன்று பேருக்கும் போன செய்தியை அப்படியே தருகிறேன்: 'ஐயா, வணக்கம். கல்யாணம் ஒன்று, தை மாதத்துக்குள் தேவை. தங்களது குறைந்தபட்ச விலையைத் தெரிவிக்கவும். சாம்பிள் இருந்தால் அனுப்பி வைக்கவும்.' அட்டைப்பெட்டி போடும் தவசி அண்ணாச்சி, தாம்பூலம் வைக்க அச்சடித்த பெட்டி மலிவாகத் தருவதாக உடனே பதில் எழுதினார். வெல்ல வியாபாரி பூவனநாதன் அண்ணாச்சி, தன் மகனுக்குப் போன மாதம்தான் முடிந்தது, கொஞ்சம் முன்னாலேயே கேட்டிருக்கக் கூடாதா என்று போனில் நெடுநேரம் வருத்தப்பட்டார். பரமசிவன் அண்ணாச்சியிடமிருந்து சத்தமே இல்லை. வெள்ளிக்கிழமை வரவேண்டிய லாரியும் வரவில்லை. கரிசலில் மழை பெய்து சக்கரம் சிக்கியிருக்கும் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. கடலை இல்லாமல் பாகு அடுப்பை அணைத்தோம். அம்மா அப்பாவுக்குச் சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணக்கப்பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போக உங்களை வரச் சொல்லி எழுதும்படி அப்பா எனக்கு உத்தரவு போட்டார். அக்கா மட்டும் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று என்னால் உறுதியாக எழுத முடியவில்லை. "கேட்டது கேட்டாச்சு. அவிய என்ன சொல்லுதாவன்னு பாப்போம்," என்றாள்.

நேற்றுச் சாயங்காலம் ஹாரன் கேட்டது. லாரியில் டிரைவருக்குப் பக்கத்திலிருந்து மாதவனே இறங்கினார். எப்போதும் லோடுக்கு முன்னால் மாதிரிக்கு வரும் கடலைப் பொட்டலம் அவர் கையில் இருந்தது.

"சாம்பிள் கேட்டிருந்தீங்களாமே மாமா. வந்திருக்கேன்."

அப்பா பழக்கதோஷத்தில் பொட்டலத்தை வாங்கி, ஒரு கடலையை உடைத்து, உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதி, வாயில் போட்டு மென்று, "ஈரமில்ல. நல்லாருக்கு," என்றார்.

"கடலையச் சொல்லுதீங்களா, என்னையா?" என்று கேட்டார் மாதவன். மிட்டாய்க்குத் தாள் சுற்றும் அக்காமார்தான் முதலில் சிரித்தார்கள்.

அவர்கள் வீட்டிலும் இதே கதைதானாம் மாமா. தன்னிடம் சரக்கு வாங்குகிறவர்களைச் சம்பந்தம் கேட்டு நெருக்கினால் நன்றாக இருக்காது என்று பரமசிவன் அண்ணாச்சியும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். "உங்க செய்தியப் பாத்துட்டு அப்பா ரெண்டு நாளாச் சிரிக்காவ. அதுலதான் லோடு ஏத்த மறந்துபோச்சு. விலையும் கேட்டிருந்தீங்க. பொண்ணு சம்மதம் போதும்னு சொல்லச் சொன்னாவ," என்றார் மாதவன். மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற அக்கா, "அட்டைப்பெட்டிக்காரவுக இதவிட மலிவாத் தாராவளே," என்று சொல்லிவிட்டு, காப்பி போட உள்ளே ஓடினாள். அது சம்மதம்தான் என்று அம்மா எல்லோருக்கும் விளக்கினாள்.

ஐப்பசியில் நிச்சயம், தையில் கல்யாணம். ஆகவே உதவியாளரை எடுக்க நீங்கள் வரவேண்டாம்; அப்பா தன் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இரண்டு வீட்டுக் கௌரவமும் சேர்ந்து அடைத்து வைத்திருந்த கேள்வியை, கௌரவம் என்றால் என்னவென்றே தெரியாத ஒன்று கேட்டுவிட்டது. இனி வெளியே போகும் செய்தியை அப்பா மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்த பிறகுதான் அமுக்க வேண்டும் என்று நான் யோசனை சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார். எனவே கவலைக்கு இடமில்லை. அத்தைக்கு என் அன்பு. பாப்பாவுக்குத் தனியாக ஒரு பெட்டி மிட்டாய் எடுத்து வைத்திருக்கிறேன்.

தங்கள் ஆசியை நாடும்,
மாரிச்செல்வி.

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதை மறந்துவிட்டு உடனே கிளம்பி வாருங்கள். நான் தபால் உறை தேடிப் போன நேரத்தில் அப்பா கணக்கப்பிள்ளைக்கு நன்றி சொல்ல உட்கார்ந்திருக்கிறார். பொருள் நல்லபடியாகக் கிடைத்ததில் மகிழ்ச்சி, இதே ஆர்டரை ஒவ்வொரு தை மாதமும் போட்டுவிடட்டுமா என்று அது பணிவாகக் கேட்டிருக்கிறது. அப்பா மூக்குக்கண்ணாடி போட்டு, முழுதும் படித்து, அமுக்கிவிட்டார். கேட்டதற்கு, "நல்ல செய்தி சொன்னவன்ட்ட எப்படிட்டி வேண்டாம்னு சொல்ல?" என்கிறார். நான் பத்தாம் வகுப்புதான் படிக்கிறேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். செய்தி வெளியே போவதற்குள் அம்மா ஓடிப்போய் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டாள். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். கம்பெனியில் எல்லா விளக்கும் அணைந்துவிட்டது.