சம்பந்தி மாமியின் மூக்கில் வண்டு

பயந்த சுபாவக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்தக் கெட்டதும் அவர்களுக்குப் புதிதாக நடப்பதில்லை. மனசுக்குள் ஏற்கெனவே நாலைந்து ஒத்திகை முடிந்திருக்கும். பஸ்ஸில் ஏறும்போதே அது கவிழ்ந்து, ஆஸ்பத்திரிக்கு யார் யார் ஆரஞ்சுப்பழம் வாங்கி வருவார்கள் என்பதுவரை நான் யோசித்துவிடுவேன். ஆனால் என் வாழ்க்கையின் பெரிய அவமானம் மட்டும் ஒத்திகையே இல்லாமல் வந்தது.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். (கணக்குப் பரீட்சைக்குப் பயந்து காய்ச்சல் என்று படுத்தேன். அந்தக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.) என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, ராமநாதபுரத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் போட்டோ பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள், பத்தாவது சர்ட்டிபிகேட்கூடக் கேட்பதில்லை என்று கேள்விப்பட்டேன். கீழக்கரைப் பக்கம் எங்கள் கல்யாணங்களில் பெண்கள் பகுதிக்குள் ஆண் போட்டோக்காரர் வர முடியாது. பெண் வேண்டுமென்றால் மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும். தைரியமெல்லாம் திரட்டிப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

"மிக்ஸி போடவே கண்ணை மூடிக்கிறவ, கேமரா பிடிக்கப் போறியாக்கும்" என்றாள் என் லாத்தா. (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.) ஆனால் அவள் மகள் ரிஸ்வானாவுக்கு நிக்காஹ் கூடியதும், "வெளியாளு எதுக்கு, நம்ம வீட்டுலயே ஒருத்தி இருக்கும்போது" என்று பெண்கள் பகுதியை என்னிடமே விட்டாள். எனக்கும் அது தேவையாக இருந்தது. படிப்பு முடிய, ஒரு விசேஷத்தை முழுசாக எடுத்துக் காட்ட வேண்டும். சார் பார்த்து "சரி" என்றால்தான் பாஸ். வாழ்க்கையில் நான் வாங்கப் போகிற முதல் பாஸ். பெயிலானால் குடும்பம் முழுக்கத் தெரிந்துவிடும், ஏனென்றால் படத்தில் இருக்கப்போவதே குடும்பம்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் கல்லூரிக் கேமராவைக் கையில் கொடுத்துவிட்டு சார் சொன்னார்: "கடற்கரை ஊரும்மா. ஈரம் ஏறிச்சுன்னா உள்ள பூஞ்சை பிடிச்சிரும். காய்ஞ்ச இடமாப் பாத்து வைங்க."

எங்கள் வீட்டில் காய்ந்த இடமா? உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி அப்பளம் மாதிரி உதிர்கிறது. பீரோ பூட்டு வருஷத்துக்கு ஒன்று. கேமராவைக் கைக்குழந்தை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு அறை அறையாக அலைந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது: என் வீட்டுக்காரரின் போன் ஒரு தடவை தண்ணீர்த் தொட்டியில் விழுந்தபோது, அரிசிக்குள் புதைத்து வைத்துப் பிழைக்க வைத்தோம். அரிசி ஈரத்தை உறிஞ்சும்.

ஆகவே கேமரா அரிசி டிரம்முக்குள் போனது. சும்மா போடவில்லை. லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாயைத் திறந்து வைத்தேன், உள்ளே இருக்கிற ஈரமும் வெளியே வர வேண்டும் அல்லவா. அரிசி உள்ளே போகாமல் மல் துணியில் முடிந்தும் வைத்தேன். (எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.) அன்றைக்கு நான் தூங்கிய தூக்கம் அதற்குப் பிறகு தூங்கியதில்லை.

காலையில் லென்ஸை மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனேன். அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருந்த ரிஸ்வானாவைப் பார்க்கக் கேமராவில் கண்ணை வைத்தேன். அவள் புருவத்தில் ஒரு கருப்பு வண்டு.

"ரிஸ்வானா, புருவத்துல வண்டுடி."

பதறித் துடைத்தாள். வண்டு போகவில்லை, புருவம்தான் போனது. மறுபடி பார்த்தேன். "இப்ப கன்னத்துல." அதையும் துடைத்தாள். நாலு படம் எடுத்துப் பின்பக்கத் திரையில் பார்த்தால் வண்டே இல்லை. சரி, க்ளிக் பண்ணுகிற நேரம் பார்த்துப் பறந்துவிடுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். முன்னால் மாப்பிள்ளையின் உம்மா, சம்பந்தி மாமி. நடந்தால் நகைச் சத்தம் முதலில் வரும். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ரிஸ்வானா கழுத்தில் கருகமணி (எங்களுக்கு அதுதான் தாலி) கட்டப்போவது அவர்தான். மாமி கருகமணியைக் கையில் எடுத்தார். கண்ணை வைத்தேன். மாமியின் மூக்கு நுனியில் வண்டு.

இந்தத் தடவை பறக்காமல் உட்கார்ந்துவிட்டால் படத்தில் ஆயுசுக்கும் வண்டு இருக்கும். சார் பெயிலாக்கிவிடுவார். சொன்னேன்.

"மாமி, மூக்குல ஒரு வண்டு."

துடைத்தார். "போச்சா?"

"அங்கனயேதான் இருக்கு மாமி."

இன்னொரு துடைப்பு. "இப்ப?"

"மேல ஏறுது."

"ஏம்மா, என் மூக்குல ஏறுறது எனக்குத் தெரியாதா?"

பின்னாலிருந்து ஒரு பெண், "என்ன வண்டு அது?" என்று கேட்டாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். "அரிசி வண்டு மாதிரி இருக்கு" என்றேன்.

அத்தனை தலையும் கொல்லைப்பக்கம் திரும்பியது. அங்கேதான் பிரியாணி தம்மில் இருந்தது.

"அரிசி வண்டா? அப்ப சோத்துல?"

"மாசமா இருக்கிற பிள்ளைக்குக் கொடுத்துறாதீங்க."

லாத்தா முகம் வெளுத்துவிட்டது. "மாமி, புது அரிசி. நானே நின்னு புடைச்சது."

சம்பந்தி மாமி கருகமணியைக் கீழே இறக்கினார். "மொதல்ல சட்டியைத் திறங்க. சோத்தைப் பாத்துட்டுத்தான் மத்தது." பெண்கள் பகுதித் திரைக்கு அந்தப்பக்கமிருந்து சமையல் பண்டாரி குரல் கொடுத்தார்: "இப்பத் திறந்தா தம்மு போயிரும், நான் பொறுப்பில்ல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒளிந்துகொள்ள வேறு இடமில்லை, கேமராவுக்குப் பின்னால் ஒளிந்தேன். வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். சுவரில் வண்டு. ஃபேனைப் பார்த்தேன். சுற்றுகிற ஃபேனில் நிதானமாக நடந்து போனது. ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன். ஆகாயத்திலும் அதே வண்டு.

லென்ஸைக் கழற்றிக் கேமராவைக் கவிழ்த்துத் தட்டினேன். உள்ளங்கையில் விழுந்தது.

"மாமி, இது கல்யாணச் சோத்து வண்டு இல்ல. எங்க வீட்டு வண்டு. இதுக்குள்ள இருந்துச்சு."

"கேமராவுக்குள்ள எப்பிடிப் போச்சு?"

"ராத்திரி அரிசி டிரம்முல வச்சிருந்தேன்."

"எதை?"

"கேமராவை."

சம்பந்தி மாமி என்னைப் பார்த்தார். வண்டைப் பார்த்தார். முதலில் நகைதான் குலுங்கியது, பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்து, அந்தச் சிரிப்போடேயே பிஸ்மி சொல்லிக் கருகமணியைக் கட்டிவிட்டார். லாத்தா அழுதுகொண்டே சிரித்தாள். இத்தனை நல்ல காட்சியை நான் படமெடுக்கவில்லை. ஒரு கையில் லென்ஸ், ஒரு கையில் வண்டு.

சார் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வண்டு போன பிறகு எடுத்ததில்கூட எல்லாரும் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாருக்கும் சளியாம்மா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். முதலில் கேமராவை வாங்கி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டார். பிறகுதான் எனக்கு விளக்கினார்: நாம் கண் வைத்துப் பார்க்கிற வழி வேறு, படம் விழுகிற வழி வேறாம். வண்டு உட்கார்ந்திருந்தது பார்க்கிற வழியிலாம்.

"சரி, கருகமணி கட்டுற படம் எங்க?"

"வண்டைப் பிடிச்சிட்டிருந்தேன் சார்."

பெயில். இன்னொரு கல்யாணம் எடுத்துத்தான் பாஸானேன்.

இப்போது எங்கள் பக்கம் பெண்கள் பகுதிக்கு நான்தான் போட்டோக்காரி. கேமராவைத் தூக்கியதும் லாத்தா தொடங்கி அத்தனை பேரும் ஒரு தடவை மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் போஸ் கொடுப்பார்கள். போன மாதம் திருவாடானைப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண், என்னை முன்பின் பார்க்காதவள், அவளும் துடைத்தாள்.

"எதுக்கும்மா துடைக்கிற?" என்றேன்.

"இந்த ஊர்ல போட்டோவுக்கு முன்னாடி துடைக்கிறது வழக்கமாம்ல. மாமியார் சொன்னாங்க."

ஊர் வழக்கத்தைக் கெடுக்க நான் யார்? அவள் துடைத்து முடிக்கிறவரை காத்திருந்து க்ளிக் செய்தேன்.