அரசாங்கத்தின் இரண்டு சென்டிமீட்டர்

மீட்டர் கணக்கில் பின்னம் பேசுவது அநாகரிகம் என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டது. அரை, கால், மூன்றில் ஒன்று எல்லாம் பழைய அடி, அங்குலக் காலத்துக் குப்பையாம். மீட்டருக்குத் தசமம்தான் மரியாதை. அதுவும் புள்ளிக்குப் பிறகு இரண்டே இலக்கம். மூன்றாவது இலக்கம் ஆடம்பரம். நாடு முன்னேறட்டும், நமக்கென்ன என்று நானும் சும்மா இருந்தேன். அந்த முன்னேற்றம் நேரே என் அடுப்படிக்கு வரும் என்று யார் கண்டார்கள்?

அப்பா விட்டுப்போன வீட்டின் அகலம் சரியாகப் பத்து மீட்டர். அண்ணன், நான், தங்கச்சி, ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. நடுப்பங்கு எனக்கு. சண்டை சச்சரவில்லாமல் பேசி முடித்ததைப் பார்த்துத் தெருவே மூக்கின்மேல் விரல் வைத்தது. அந்த ஜோரிலேயே நில அளவை அலுவலகத்துக்குப் போனோம்.

"மூணுல ஒண்ணா?" அதிகாரி காது கூசியவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மீட்டர்ல அப்படி ஒரு அளவே கிடையாதுங்க. ஆளுக்கு மூணு புள்ளி மூணு மூணு."

"கூட்டினா ஒன்பது புள்ளி ஒன்பது ஒன்பதுதானே சார் வருது?" என்றாள் தங்கச்சி.

"மிச்சம் ஒரு சென்டிமீட்டர், உரிமையாளர் இல்லாத நிலம். அரசாங்கத்தைச் சேரும்."

"எந்தப் பக்கத்துல எடுப்பீங்க?" என்றார் அண்ணன், தன் பக்கத்தை நினைத்து.

"அரசாங்கம் பாரபட்சம் பார்க்காது. நட்டநடுவுல எடுப்போம்."

நட்டநடு என்றால் என் கூடத்துக்கும் அடுப்படிக்கும் இடையில். அண்ணன் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"ஐயோ, என் பங்கு ரெண்டா உடைஞ்சிடுமே சார்!"

"உடையட்டும். பாதிக்குப் பாதி... மன்னிக்கணும், வாய் தவறிடுச்சு. ஒண்ணு புள்ளி ஆறு ஆறு அஞ்சு..." அவர் முகம் சுண்டியது. "மூணு இலக்கம் வருதே, செல்லாது. இந்தப் பக்கம் ஒண்ணு புள்ளி ஆறு ஆறு, அந்தப் பக்கமும் அதே. இன்னொரு சென்டிமீட்டர் மிச்சம். இப்ப அரசாங்கத்துக்கு ரெண்டாச்சு!"

மறுநாளே ஆட்கள் வந்து வீட்டுக்குள் கம்பி வேலி போட்டார்கள். 'அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர்' என்று பலகையும் மாட்டினார்கள். பலகை நிலத்தைவிடப் பருமன். என் மனைவி அடுப்பிருக்கும் பக்கம் மாட்டிக்கொண்டாள். நான் இந்தப் பக்கம்.

"சாப்பாடு வேணும்னா கவர்மெண்ட்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டு வாங்க!" என்று அங்கிருந்தே கத்தினாள். கோபத்தில் நியாயம் இருந்தது.

வயிறு காய, அண்ணனையும் தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு மறுபடி ஓடினேன். அதிகாரி உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"வழி இருக்குங்க, நீங்க கேக்கவே இல்லையே! மூணு பேர்ல யாராவது ஒருத்தர் மூணு புள்ளி மூணு நாலு எடுத்துக்கலாம். மத்த ரெண்டு பேர் சம்மதிக்கணும். யாருக்குப் போனாலும் சரி, உங்க வீட்டு வேலி போயிடும்."

"மூத்தவன் நான்தான்," என்றார் அண்ணன்.

"எல்லாத்துலயும் எனக்குக் கடைசிதான். இதாவது எனக்கு வரட்டும்," என்றாள் தங்கச்சி.

"அடுப்படியைப் பறிகொடுத்தவன் நான்! இவங்களுக்கு எதுக்கு?" என்றேன் நான்.

"அடம்பிடிக்காதேடா. எனக்கு விட்டுக்கொடுத்தா உன் அடுப்படி உனக்கு வந்துடும்ல?"

"வேணாம்ணே. அரசாங்கமே வச்சுக்கட்டும்!"

"அதுதான் சரி," என்றாள் தங்கச்சி. பாகப்பிரிவினை ஆரம்பித்த நாளுக்குப் பிறகு, நாங்கள் ஒன்றுபட்டது அப்போதுதான்.

இப்போது சாப்பாடு வேலிக்கு மேலே ஏந்திக் கொடுத்து வாங்கப்படுகிறது. பாதி கீழே சிந்துகிறது, போகட்டும். வேலியைப் பார்க்க அந்த அதிகாரி ஒருநாளும் வந்ததில்லை. வரத் தேவையுமில்லை. நான் திருட்டுத்தனமாக நகர்த்திவிட்டேனா என்று அண்ணனும் தங்கச்சியும் தினம் காலையில் டேப்போடு வந்து அளந்துவிட்டுப் போகிறார்கள்.