பிபோத் என்றொரு சிறந்த தொழிலாளி

பாதுகாப்பு அதிகாரி என்றாலே எச்சரிக்கையான ஆள் என்று உலகம் நம்புகிறது. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், முழங்கால்வரை மைதாப் பசையில் நின்ற நாள்வரை.

விருதுநகரிலிருந்து கொல்கத்தா வந்தபோது என்னிடம் இருந்தவை ஒரு டிப்ளமா, ஒரு மஞ்சள் ஹெல்மெட், அளவுக்கு மீறிய தன்னம்பிக்கை. ஜாதவ்பூர் தாண்டி ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி வேலை. ஆறு மாதம் கழித்து, தலைமை அலுவலகத்திலிருந்து வந்து சோதனை போட்டுத்தான் வேலையை நிரந்தரம் செய்வார்கள். அது ஆனால்தான் லேக் கார்டன்ஸில் நான் குடியிருந்த வீட்டுக்காரரிடம் அவர் மகள் காயத்ரியைப் பெண் கேட்க முடியும். (காயத்ரியிடம் ஏற்கெனவே கேட்டாயிற்று. கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். "முதல்ல கன்ஃபர்ம் ஆகட்டும், பொரே தேக்கா ஜாபே" என்றாள். அர்த்தம் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை; 'அப்புறம் பார்க்கலாம்' என்பது பிற்பாடுதான் தெரிந்தது.)

மாதம் ஒருமுறை தொழிற்சாலையைச் சுற்றிவந்து, எங்கெங்கே ஆபத்து என்று பதிவேட்டில் எழுத வேண்டும். இதில் ஒரு சிக்கல். பசைத் தொட்டிக்கு மேலே ஓர் இரும்பு மேடை, அதற்குச் செங்குத்தாக ஓர் ஏணி. எனக்கோ நாற்காலியில் ஏறி பல்பு மாட்டினாலே தலை சுற்றும். ஆகவே கீழேயே உட்கார்ந்து டீ குடித்தபடி, தினமும் மேலே ஏறி வேலை செய்யும் நிமாய்தாவைக் கூப்பிட்டு விசாரிப்பேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு பெங்காலி தெரியாது. ஆனாலும் பேச்சுவார்த்தை ஜோராக நடந்தது.

"நிமாய்தா, பைப் லீக்?"

"ஆச்சே, ஸார்."

"ரெய்லிங் லூஸ்?"

"ஆச்சே! பிபோத் ஆச்சே, ஸார்! கூப் பிபோத்!"

அட, நம்ம பாஷை! லீக்கை அடைத்தாச்சு, ரெய்லிங்கை முடுக்கியாச்சு, செய்து முடித்தவர் பெயர் பிபோத். நான் டிக் அடித்து, 'பழுது பார்த்தவர்' என்ற கட்டத்தில் பிபோத் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். (சில மாதங்களில் கூப் பிபோத். முழுப் பெயர் போலும்.) அன்று மாலையே காயத்ரியிடம், "பெங்காலி என்ன பெரிய விஷயம், பாதி தமிழ்தான்" என்று அளந்தும் விட்டேன்.

ஸ்விட்ச் போர்டிலும் பிபோத், கட்டிங் மெஷினிலும் பிபோத். இப்படிப்பட்ட உழைப்பாளியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே என்று எனக்கே வருத்தமாக இருந்தது. பாதுகாப்பு வாரத்தில் சிறந்த தொழிலாளி பரிசுக்கு அவர் பெயரையே எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். படிக்காமல் கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம், பார்க்காமல் டிக் அடிப்பது என் வழக்கம்.

ஆறாம் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து மித்ரா மேடம் வந்தார். நான் நீட்டிய பதிவேட்டைத் தொடவே இல்லை. "முதலில் மேலே ஏறிப் பார்ப்போம்" என்றார்.

வேறு வழியில்லை, ஏறினேன். பயம் தெரியாமல் இருக்க வாயை ஓயாமல் ஓட்டினேன். "இந்த ரெய்லிங் போன மாதம்தான் முடுக்கியது, மேடம். யானை சாய்ந்தாலும் அசையாது" என்று சொல்லிச் சாய்ந்து காட்டினேன்.

அதுவும் என்னோடு சாய்ந்தது. பின்னால் நின்ற நிமாய்தா பாய்ந்து என் காலரைப் பிடித்திராவிட்டால் முழுதாக மூழ்கியிருப்பேன். முழங்காலோடு போயிற்று. நல்லவேளை, பசை ஆறியிருந்தது.

ஆபீஸில் என் நாற்காலியில் பேப்பர் விரித்து என்னை உட்கார வைத்தார்கள். பசை காயக் காய கால்மயிரை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தது. மேடம் இப்போதுதான் பதிவேட்டைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது.

"யார் இந்த பிபோத்?"

தப்பிக்க வழி தெரிந்துவிட்டது எனக்கு. "அவன் மேல்தான் மேடம் நடவடிக்கை எடுக்க வேண்டும்! செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லி ஆறு மாதமாக ஏமாற்றியிருக்கிறான். பரிசுக்கு வேறு எழுதிக் கொடுத்தேன், பாவி!" (அதுவரை 'அவர்', அந்த நிமிடத்திலிருந்து 'அவன்'.)

வாசலில் நின்ற நிமாய்தாவுக்கு அந்தப் பெயர் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. "ஆமி தோ போலேச்சி, ஸார்! பிபோத் ஆச்சே!" என்று கத்தினார். அவர் குரல் உடைந்திருந்தது.

மித்ரா மேடம் பதிவேட்டை மூடினார். "பிபோத் என்றால் ஆபத்து. கூப் என்றால் ரொம்ப. ஆச்சே என்றால் இருக்கிறது. ஆபத்து இருக்கிறது, பெரிய ஆபத்து இருக்கிறது என்று இவர் ஆறு மாதமாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஆபத்துக்குப் பரிசு கேட்டிருக்கிறீர்கள்."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பசைத் தொட்டியே போதுமாக இருந்தது, திரும்பப் போய் விழலாமா என்றுகூட யோசித்தேன்.

வேலை நிரந்தரம் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போனது. அதற்குள் பெங்காலி கற்க வேண்டும், ஏணியும் ஏற வேண்டும். காயத்ரி கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சட்டென்று நிறுத்தி, "தெனம் அந்த ரெய்லிங்க பிடிச்சிட்டு நின்னது நிமாய்தா. பசை கொதிக்கறப்ப அவர் விழுந்திருந்தா?" என்றாள். மறுநாளே நானாக ஏணியில் ஏறினேன். அந்த ஆறு மாதமும் பெங்காலி சொல்லிக் கொடுத்தது அவள்தான். பிறகு, பாவம், என்னையே கட்டிக்கொண்டாள்.

வீட்டில் இப்போது என் பெயர் பிபோத். காலிங்பெல் அடித்தால் என் மகள் எட்டிப் பார்த்து, "மா, பிபோத் ஆச்சே!" என்று அறிவிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மூவரும் லேக் மார்க்கெட் கிளம்பினோம். கதவைப் பூட்டும்போது கேட்டேன்:

"கேஸ் மூடியாச்சா?"

"ஆச்சு" என்றாள் காயத்ரி.

"எந்த ஆச்சு, அப்பா?" என்று மகள் சிரித்தாள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.