வழிகாட்டிப் புத்தகத்தை ‘பாஸ்’ செய்தவன்

அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்று நம்பும் முட்டாள்களில் நானும் ஒருவனாக இருந்தேன். (இப்போதும் முட்டாள்தான், நம்பிக்கை மட்டும் போய்விட்டது.)

திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த பனியனில் குறை பார்த்துக் கழிக்கும் செக்கிங் வேலை எனக்கு. தீபாவளிக்குக் கம்பெனி ஒரு வாரம் பூட்டியிருக்கும். எல்லோரும் சொந்த ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். எங்களுக்கு இதுதான் சொந்த ஊர் என்பதால், வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்போம். அந்த வருஷம் அப்பா வாய்விட்டுக் கேட்டார்: “கண்ணு, சாகறதுக்குள்ள ஒருக்கா கடலப் பாத்துப்போடோணும்.”

முட்டி தேய்ந்துபோன மனிதர். மணலில் பத்தடி நடக்க முடியாது.

பழைய புத்தகக் கடையில் ஒரு சுற்றுலா வழிகாட்டி கிடைத்தது. ஒரு கடலோர ஊர் லாட்ஜில் மாடி ஜன்னலிலிருந்தே கடல் தெரியும் என்று போட்டிருந்தது. தொழில் புத்தி விடுமா? வெளிச்சத்தில் பிடித்து, புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். தையல் சரி, தாள் சரி, அச்சு சரி, பாஸ்! பனியனில் குறை இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை அந்த லாட்ஜின் பெயருக்கு நேரே ஒட்டினேன். (அது குறையைக் காட்டும் ஸ்டிக்கர் என்பது அப்போது உறைக்கவில்லை.)

“ஏனுங்க, எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாமுங்க” என்றாள் மனைவி.

“அச்சடிச்ச புஸ்தகத்த விடவா போன்ல பெருசாச் சொல்லிப்போடறாங்க?”

மூன்று பஸ் மாறி, கொட்டும் மழையில் போய் இறங்கினோம். லாட்ஜ் இருக்கவேண்டிய இடத்தில் துணிக்கடை. வாசலெல்லாம் பனியன். கை சும்மா இருக்காமல் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். ஊசி ஓட்டை. நானே கழித்துத் தள்ளிய டிசைன்.

“அந்த லாட்ஜா? இடிச்சு எவ்வளவோ வருஷம் ஆச்சே” என்றார் கடைக்காரர்.

அப்போதுதான் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். நான் டவுசர் போட்ட காலத்தில் அச்சடித்தது. மற்ற லாட்ஜுகளில் இடமில்லை. புயல் எச்சரிக்கை என்று கடற்கரைக்குப் போகும் வழியில் கயிறு கட்டியிருந்தார்கள். அப்பா கடை வாசலில் ஒதுங்கி நின்று அலைச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தார்.

“சத்தங் கேட்டுதல்ல, போதும் கண்ணு. ஊட்டுக்குப் போலாம்.”

அவருடைய நனைந்த சட்டையைக் கழற்றி, அந்த ஓட்டைப் பனியனையே வாங்கி அவருக்கு மாட்டிவிட்டேன். எனக்கு அழுகையாக வந்தது.

“எம்பையன் கடலுக்குக் கூட்டிட்டுப் போயி திருப்பூர் பனியன் வாங்கிக் குடுத்தானுங்க” என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார் அப்பா. அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

இன்றும் விசேஷ வீடுகளில் மனைவியின் அண்ணன் ஆரம்பிப்பார்: “ஏனுங்க மாப்ள, அடுத்த பனியன் எந்தக் கடல்ல எடுக்கறது?” பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். கடலுக்குப் போகலாமா என்று மனைவி கேட்பதில்லை, போகலாம் என்று நானும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கடலைப் பார்த்ததில்லை.