நண்டுத் தொட்டிக்கு நுண்ணறிவு

ஜாவாவின் வடகரையில், கடலைப் பார்த்த ஒரு பல்கலைக்கழகத்தில், இபு லஸ்த்ரி (‘இபு’ என்றால் அங்கே அம்மா) நண்டு வளர்த்து ஆராய்ச்சி செய்துவந்தார். தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் கொஞ்ச நாளாகவே இழுத்துக்கொண்டு கிடந்தது. அது நின்றால் நண்டுகள் செத்துப்போகும். புது மோட்டார் கேட்டு அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. நண்டுக்கு நிதி இல்லை என்று எல்லோரும் மிகுந்த மரியாதையுடன் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வருடம் நிதி முழுவதும் செயற்கை நுண்ணறிவுக்கு என்று முடிவாகியிருந்தது. புத்தியுள்ள துறைகள் பிழைத்துக்கொண்டன. விளையாட்டுத் துறை, பூப்பந்து மைதானத்துக்கு ‘நுண்ணறிவு அரங்கம்’ என்று பெயர் சூட்டிப் புது வலையே வாங்கிவிட்டது. லஸ்த்ரியும் வெட்கத்தை விட்டு, நண்டு எப்போது ஓடு கழற்றும் என்பதைச் செயற்கை நுண்ணறிவு கணிக்கும் என்று எழுதிக் கொடுத்தார். கேட்டதற்கு மேலேயே கிடைத்தது.

மோட்டார் வாங்க அனுமதி கேட்டுத் திட்ட இயக்குநர் பாக் சுவொண்டோவிடம், அதாவது சுவொண்டோ ஐயாவிடம், போனார்.

“முடியாது இபு. அறிவுள்ள பொருளுக்குத்தான் காசு. மோட்டாருக்கு என்ன அறிவு இருக்கு?”

“அது நின்னா நண்டெல்லாம் செத்துடும், பாக்.”

“பேனர் அடிங்க, கூட்டம் போடுங்க, சிற்றுண்டிப் பெட்டி எவ்வளவு வேணும்னாலும் வாங்குங்க. அதுக்கு விதியில இடம் இருக்கு.”

“சிற்றுண்டிக்கு அறிவு இருக்கா?”

“சாப்பிடுறவங்களுக்கு இருக்கே.”

தொடக்க விழா சிறப்பாக நடந்தது. தொட்டியைவிட நீளமான பேனர் கட்டினார்கள். இலையில் சுற்றிய லெம்பர் சோற்றைத் தின்றுவிட்டு, முஷ்டியை உயர்த்தி எல்லோரும் போட்டோவுக்கு நின்ற நேரத்தில் மோட்டார் நின்றது. திட்டத்துக்கு வாங்கிய கணினி உடனே கணித்தது: ஒரு நண்டும் ஓடு கழற்றாது, எல்லாம் சாகும். விடிவதற்குள் எல்லாம் செத்தன.

லஸ்த்ரி தொட்டியோரம் உட்கார்ந்து அழுதார். சுவொண்டோவும் கண் கலங்கித்தான் வந்தார். அவருடையது ஆனந்தக் கண்ணீர். கணிப்பு நூற்றுக்கு நூறு சரி. நாட்டில் எந்தத் திட்டமும் இவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை. இரண்டாம் கட்டமும் வென்றால் லஸ்த்ரிக்குப் பேராசிரியர் பதவி என்று மேலிடம் சொல்லியனுப்பியது. அவர் தலை நரைக்கும்வரை காத்திருந்த பதவி அது.

மனைவி அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் லஸ்த்ரியின் கணவர் சொந்தக் காசில் மோட்டார் வாங்கிவந்து மாட்டினார். புது நண்டுகள் குஷியாகத் திரிந்தன. கணினி மறுபடியும் எல்லாம் சாகும் என்றது. பாவம், அதற்குத் தெரிந்த நண்டெல்லாம் செத்த நண்டுதான்.

மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தின நாள் சுவொண்டோ போன் செய்தார்.

“இபு, நண்டு உயிரோட இருக்காமே?”

“நல்லா இருக்கு, பாக்.”

“அப்ப கணிப்பு தப்பாயிடுமே. நான் ஒண்ணும் சொல்லல. உங்க பதவி, உங்க நண்டு. நீங்களே யோசிங்க.”

லஸ்த்ரி வெகுநேரம் தொட்டியருகே நின்றார். ஒரு நண்டு கண்ணாடி வரை வந்து கொடுக்கை ஆட்டியது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டு மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினார்.

மறுநாள் போட்டோவில் எல்லோரையும்விட உயரமாக முஷ்டியைத் தூக்கி நிற்பவர், பேராசிரியர் லஸ்த்ரி.