குளிர்பெட்டிக்குள் ஒரு ஹீட்டர்

நல்ல சேதி சொல்லவே தெரியாத ஒரு மனிதரை ஆண்டவன் படைத்து, கையில் ஒரு ஸ்பேனரையும் கொடுத்துத் திருவண்ணாமலைக்கு அனுப்பி வைத்திருந்தான். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியாது. ஊர் முழுக்க அவர் ‘தேறாது’ மெக்கானிக். எந்த மெஷினைக் காட்டினாலும் முதலில் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஊரில் ஃபிரிஜ் இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று ரிப்பேரானால் இவர் சைக்கிளில் வருவார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மெஷின் எதிரில் குந்திக் கன்னத்தில் கை வைத்துக்கொள்வார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்பார். பதில் வந்ததும் ஒரு பெருமூச்சு. ஒரு வக்கீல் வீட்டில் அவர் விட்ட பெருமூச்சைக் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்களாம். வந்தவர்களில் ஒருத்தி அழவும் செய்தாளாம்.

இத்தனைக்கும் அவர் தொட்டு ஓடாத மெஷின் கிடையாது. ஓடத் தொடங்கியதும் அவர் முகம் இன்னும் வாடிவிடும். இன்றைக்கு ஓடுகிறது, நாளைக்கு யார் கண்டது என்பார். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுவார். அடி அண்ணாமலை பக்கம் ஒருமுறை கூடவே நடந்தபோது, என்ன வேண்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். வேண்டி என்ன ஆகப்போகிறது, கால் இருக்கிறது, நடக்கிறேன் என்றார்.

நான் அப்போது ஒரு மாட்டு மருந்து டிப்போவில் ஸ்டோர்கீப்பர். வேலை தற்காலிகம். தீபத்து மாட்டுச் சந்தை நல்லபடியாக முடிந்தால் நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். மனைவி தலைப்பிரசவத்துக்குக் கீழ்பென்னாத்தூருக்குப் போயிருந்தாள். சந்தை மாடுகளுக்குப் போடும் வெக்கை நோய்த் தடுப்பு மருந்து எங்கள் டிப்போவில்தான் இருந்தது. சூடு பட்டால் அந்த மருந்தும் கிணற்றுத் தண்ணீரும் ஒன்று. என் வேலையும் அதோடு போய்விடும்.

மருந்தை வைக்க முதலாளி பட்டாளத்து ஏலத்தில் ஒரு பெரிய குளிர்பெட்டி எடுத்திருந்தார். லாரி மேல் இருந்த பெட்டியாம். ஒரு மாட்டுவண்டி உள்ளே நிற்கும். குளிர் தருவதற்கு ஒரு காயில், அதைப் பெட்டி முழுக்கப் பரப்ப ஒரு ஃபேன், காயிலை ஒட்டி ஒரு ஹீட்டர். மாதாமாதம் தேறாது வந்து மூன்றையும் துடைத்து, எண்ணெய் விட்டு, பெருமூச்சும் விட்டுப் போவார்.

எனக்கு அந்த ஹீட்டர் உறுத்திக்கொண்டே இருந்தது. குளிர்பெட்டிக்குள் யாராவது அடுப்பு வைப்பார்களா? செய்தவனுக்கு மூளை இல்லை, துடைத்துவிட்டுப் போகிறவருக்கும் இல்லை என்று முடிவு கட்டினேன். சந்தைக்கு நாலு நாள் முன்னால், மருந்து வந்து இறங்கிய அன்று, ஹீட்டர் ஒயரைக் கழற்றிச் சுருட்டி என் மேஜை டிராயரில் போட்டேன். திருகாணிகளைப் பழையபடி முடுக்கியும் வைத்தேன். முதலாளியிடம் சொல்லிப் பாராட்டு வாங்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை மழை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே போய்க் காயிலின் மேல் பனியாக உறைந்தது. அதை அவ்வப்போது உருக்கத்தான் ஹீட்டர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? சந்தைக்கு முதல் நாள் காலை ஃபேன் கரகரவென்று முனகிவிட்டு நின்றது. திறந்து பார்த்தால் காயிலையே காணவில்லை. ஒரே பனிப்பாறை. ஃபேன் இறக்கை அதில் புதைந்து கிடந்தது. தெர்மாமீட்டர் சிவப்புக் கோட்டுக்குப் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. பிறக்கப்போகும் குழந்தையிடம் மனதுக்குள் மன்னிப்பே கேட்டுவிட்டேன்.

தேறாதுக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்து இறங்கும்போது முதலாளி பனியை உடைக்கக் கடப்பாரையை ஓங்கிக்கொண்டிருந்தார். தேறாது சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, காயிலை முதுகால் மறைத்து நின்றார்.

“குத்தறதுன்னா என்னைக் குத்துங்க. காயில்ல ஓட்டை வுழுந்தா கேஸ் பூடும். அப்பறம் அண்ணாமலையாரே எறங்கி வந்தாலும் தேறாதுங்க.”

கடப்பாரை கீழே இறங்கியது. மருந்தையெல்லாம் வெளியே எடுத்து ஐஸ் பாளங்களுக்கு நடுவில் வைத்து மரத்தூள் போட்டு மூடச் சொன்னார் தேறாது. சோடாக்கடையிலிருந்து ஐஸ் வந்தது. நான் அழாத குறையாக அடுக்கினேன். அதற்குள் அவர் குனிந்து ஹீட்டரைப் பார்த்துவிட்டார். ஒயர் இல்லை. திருகாணிகள் மட்டும் ஒழுங்காக முடுக்கியிருந்தன. நிதானமாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

அவர் புது ஒயர் போட்டார். டீக்கடையிலிருந்து வெந்நீர் வரவழைத்து, துணி நனைத்து நனைத்துப் பனிமேல் ஒற்றினார். மூன்று மணி நேரம். ஒவ்வொரு துணிக்கும் ஒரு ‘தேறாது’. பகல் சாப்பாட்டு நேரத்துக்கு ஃபேன் சுற்றியது. தெர்மாமீட்டர் இறங்கியது. கெடாமல் தப்பிய மருந்து மறுபடி உள்ளே போயிற்று.

எப்படி ஆயிற்று என்று முதலாளி அப்போதுதான் கேட்டார்.

“எலிங்க,” என்றார் தேறாது. “ஒயரைக் கடிச்சு இழுத்துனு பூட்ச்சு. இந்தப் பக்கம் எலி ஜாஸ்தி.”

முதலாளி அன்று சாயங்காலமே வேங்கிக்காலிலிருந்து ஒரு பூனையைக் கொண்டுவந்து விட்டார். இல்லாத எலியைப் பிடிக்க வந்த அந்தப் பூனைக்கு மூன்று வருஷம் பால் ஊற்றியது நான்தான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் பின்னால் ஓடினேன். அண்ணே என்று ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“பேசாத. புது ஒயர் போட்டுக்கிறேன். அதையும் கழட்டத்தான் போற. எனக்குத் தெரியும்.”

மறுநாள் சந்தையில் மாடுகள் வரிசையாக ஊசி போட்டுக்கொண்டன. என் வேலை நிரந்தரமாயிற்று. பெண் பிறந்தாள். பார்க்க வந்த தேறாது, தொட்டிலுக்கு எதிரில் குந்தி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, பெட்டியைப் பார்ப்பது போலவே அவளையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். என் மனைவிக்குக் கோபமான கோபம். எனக்கு வரவில்லை.

ஊரில் எத்தனையோ பேர் ஓர் ஆறுதல் வார்த்தைக்குக் கெஞ்சியும், மனசாட்சிக்கு விரோதமாக ஒரு பொய் சொல்லாத வாய் அது. எனக்காகச் சொன்னது. அன்றைக்கே நடுத்தெருவில் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா நின்றுவிட்டேன்.