மயக்க மருந்துக்கு முன் நாலு ரஸ்க்

கப்பலைப் பற்றித் தெரிந்தவனுக்கு உலகத்தில் எல்லாமே தெரியும் என்று நினைப்பது எங்கள் போர்ட் பிளேயரில் ஒரு வியாதி. எனக்கு அது கொஞ்சம் முற்றிப் போயிருந்தது.

ஹேடோ ஜெட்டியில் கப்பல் சரக்கு இறக்குவதை மேற்பார்வை பார்ப்பது என் வேலை. மெயின்லேண்டுக்குக் கிளம்புகிறவர் யாராக இருந்தாலும், கேட்காமலேயே ஓர் உபதேசம் கிடைக்கும். "காலி வயித்தோட கப்பல் ஏறாதீங்க. நாலு ரஸ்க், ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய். அப்புறம் வாந்தியே வராது." (கடலே என்னிடம் அனுமதி வாங்கித்தான் ஆடும் என்கிற தோரணை.)

பித்தப்பையில் கல் என்று எனக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முழு மயக்கம் கொடுப்பார்கள் என்றதும், அந்த அனுபவம் உள்ள பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: "முழிச்சதும் சக்கர் வரும், தலை சுத்தும், குமட்டும். பக்கா கப்பல்ல போற மாதிரிதான்."

கப்பலா? அப்படியென்றால் அது என் துறை அல்லவா. முந்தைய இரவிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாவம், கடல் தெரியாதவர் என்று அவர்மேல் இரக்கப்பட்டேன். காலையில் மனைவி செல்வி மருந்து வாங்கப் போன நேரத்தில், பையில் ஒளித்து வைத்திருந்த ரஸ்க்கை ஊறுகாயோடு தின்று முடித்தேன். பிறகு பட்டினியில் வாடிய முகத்தோடு படுத்துக்கொண்டேன்.

தியேட்டருக்கு வெளியே மயக்க மருந்து டாக்டர் வந்தார். எங்கள் ஊர் ஜங்லிகாட்டில் வளர்ந்த தமிழ்ப் பெண், என்னைவிட இளையவர்.

"பேட் காலிதானே, அண்ணா? வயித்துல ஒண்ணும் இல்லையே?"

"பில்குல் காலி மேடம்." வயிற்றைத் தட்டிக்கூடக் காட்டினேன்.

மூச்சு விடக் குழாய் வைக்க வசதி எப்படி என்று பார்ப்பதற்காக வாயைத் திறக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார். பிறகு சாவகாசமாக, "எங்க வேலை பண்றீங்க?" என்றார்.

"ஹேடோ ஜெட்டியில மேடம்."

"அப்படியா? அடுத்த வாரம் நான் சென்னைக்குக் கப்பல்ல போறேன். எனக்கு ரொம்பக் குமட்டும். ஏதாவது வழி இருக்கா?"

"கவலைய விடுங்க மேடம். நாலு ரஸ்க், ஒரு துண்டு நார்த்தங்காய். இப்பக்கூட நான் அதத்தான்..."

நிறுத்தினேன். நிறுத்தி என்ன பிரயோஜனம்?

"வாயத் திறந்தப்பவே ஊறுகாய் வாசனை வந்துச்சு, அண்ணா. உங்க வாயால வரட்டும்னுதான் கேட்டேன்."

அவர் திட்டவில்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது சாதாரணத் தூக்கம் இல்ல. தூக்கத்துல எச்சில் தப்பாப் போனா இருமி முழிச்சுக்குவீங்க. நான் குடுக்கிற மருந்துல அந்த இருமலும் தூங்கிடும். வயித்துல கிடக்கிறது மேல வந்தா நேரா நுரையீரலுக்குத்தான் போகும். உயிருக்கே ஆபத்து. நீங்க மறைச்சா உங்கள நான் எப்படிக் காப்பாத்துறது?"

ஆபரேஷன் தள்ளிப் போனது. விஷயம் கேட்ட செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. ரஸ்க்கை நம்பி அவளை நடுக்கடலில் விட்டுவிட்டுப் போக இருந்திருக்கிறேன்.

மறுமுறை டாக்டர் என்னிடம் கேட்கவே இல்லை. "அக்கா, நீங்க சொல்லுங்க" என்று செல்வியைத்தான் விசாரித்தார். அவள் என் பையை உதறிக் காட்டினாள். (தலையணை உறையையும்.)

ஆபரேஷன் முடியும்வரை அவர் என் தலைமாட்டை விட்டு நகரவில்லை என்று நர்ஸ் பிறகு சொன்னார். என் மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் அவர் காவலில் இருந்தன. கேப்டனாவது நடுவில் ஒரு டீ குடிக்கப் போவார். எத்தனையோ கேப்டன்களைப் பார்த்தவன் நான், அந்தப் பெண்ணுக்கு வைத்த சலாமை வேறு யாருக்கும் வைத்ததில்லை.

"கண்ணத் திறங்க, அண்ணா. ஜெட்டி வந்துடுச்சு" என்ற குரல் கேட்டுத்தான் விழித்தேன். குமட்டல் துளியும் இல்லை. அதற்கும் அவர் முன்கூட்டியே மருந்து கொடுத்திருந்தாராம்.

ஜெட்டியில் என் ரஸ்க் உபதேசம் இன்றும் நடக்கிறது. ஆனால் எந்தக் கல்யாண வீட்டில் நான் இலை முன்னால் உட்கார்ந்தாலும், பந்தி முழுக்கக் கேட்கும்படி செல்வி விசாரிப்பாள்:

"ஏங்க, இன்னைக்கு ஆபரேஷன் ஒண்ணும் இல்லையே?"